இது என்ன மரம்?

"அம்மா, இது என்ன மரம்?"

சென்னையில் ஒரு பூங்கா. பக்கத்து பெஞ்சில் இருந்த குழந்தைதான் கேட்டது. பெஞ்சை மரத்துக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். தாயார், பாவம், கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். "ஏதோ மரம். நீ முறுக்கைத் தின்னு" என்றார். எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? எழுந்து போய்த் தேடினேன். எட்டாத உயரத்தில் ஆணியடித்த ஒரு தகரம். அதில் துருப்பிடித்த லத்தீன் பெயர்!

மயிலைக் கபாலீசுவரர் கோயில் புன்னையை யாராவது 'ஏதோ மரம்' என்பார்களா? அம்பாள் மயிலாக வந்து பூஜித்த கதையோடு பெயரும் மனத்தில் பதிந்துவிடுகிறது. சுற்றி வரவும் வழி இருக்கிறது. பூங்கா போடுகிறவர்கள் அங்கே போய்க் கொஞ்சம் பாடம் கேட்கலாம்.

மகிழ மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூவின் நடுவே இயற்கையாகவே துவாரம் உண்டு. ஊசி வேண்டாம், நார் போதும். வாடினாலும் மணக்கும். அதன் அடியில் புல்தரை இருந்தால் குழந்தைகள் பொறுக்கிக் கோப்பார்கள். சிமிண்டுத் தரையானால் துடைப்பம்தான் பொறுக்கும். நாகலிங்க மரம் அடிமரத்திலேயே பூக்கும், உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆகவே பெஞ்சு அதைப் பார்த்தாற்போல் இருக்கட்டும். ஆனால் நன்றாகத் தள்ளிப் போடுங்கள், ஐயா! காய் பீரங்கிக் குண்டு மாதிரி, தலை தாங்காது.

சிமிண்டு என்றதும் இன்னொரு விஷயம். மரத்தின் உணவு வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. அடிமரம் வரை பூசிவிட்டால் அவற்றுக்குத் தண்ணீர் ஏது, காற்று ஏது? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்கள் தெருவிலும் ஒன்று போயிற்று. என்ன மரம் என்று விசாரித்தேன். தினமும் அதன் நிழலில் நின்று காய்கறி வாங்கியவர்களுக்கே தெரியவில்லை. பெயர் தெரியாத மரத்துக்காக யார் துக்கம் கொண்டாடுவார்கள்? நம் வாசகிகள் நாலு பேர் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினால் என்ன? தமிழில் பெயர்ப் பலகை, அதுவும் மரத்தில் ஆணியடிக்காமல் தரையில் நட்டு, குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில். பெரிய செலவில்லை.

அந்தப் பூங்கா மரத்தைப் பற்றித் தோட்டக்காரரைக் கேட்டேன். "அதுங்களா? இலுப்பைங்க" என்றார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! மரத்தைத் தெரிந்துகொண்டது அன்றுதான்.

அந்தக் குழந்தையை அப்புறம் பார்க்கவில்லை. அதன் தாயார் இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லிவிடட்டும்: இலுப்பை.