பள்ளிக்கூடத்துக்கு வரும் நர்சு அம்மா!

காலை 8 மணி. இரும்புலியூர், பெருங்களத்தூர், தாம்பரம் தெருக்களில் புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் சாரி சாரியாகப் போகிறார்கள்.

இவர்களில் ஒரு சிறுமி வகுப்பில் மயங்கி விழுந்தால், முதலில் பார்ப்பது யார்?

பெரும்பாலும் வாத்தியார்தான்!

சில தனியார் பள்ளிகளில் நர்சு இருக்கிறார். ஆனால் பெரும்பாலான அரசு பள்ளிக்கூடங்களில் நிரந்தர நர்சு கிடையாது. சுகாதாரத்துறை நர்சுதான் அவ்வப்போது வந்து போகிறார்.

எத்தனை வேலை!

2013-ம் ஆண்டு முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. டாக்டர்கள், நர்சு, மருந்தாளுநர் ஆகியோர் ஒரு வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். கண், காது, பல், தோல், இதயம், ரத்தசோகை என்று 30 வகைக் கோளாறுகளைப் பார்ப்பார்கள். பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனை.

மற்ற நாட்களில் அந்தப் பகுதி சுகாதார நர்சுதான் கதி. நகரங்களில் சுமார் 10 ஆயிரம் பேருக்கு ஒரு நர்சு என்பது அரசின் கணக்கு. கர்ப்பிணிகளை அவர் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். இவற்றுக்கு நடுவில்தான் பள்ளிக்கூடம்!

ஊசியும் வதந்தியும்

வேலைப் பளுவைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அதுதான் வதந்தி.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி. பள்ளிக்கூடங்களிலும் போடப்பட்டது.

"இந்த ஊசி ஆபத்து" என்று செல்போனில் செய்தி பரவியது. பெற்றோர் பலர் பயந்தார்கள். "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்றார்கள். ஊசி போடும் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வதந்தியைக் கிளப்பியவர் யாரோ! பதில் சொல்ல வேண்டியவர் எதிரே நின்ற நர்சு.

மாத்திரையிலும் இதே கதைதான். ரத்தசோகையைத் தடுக்க, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பத்துப் பிள்ளைகள் பயப்படும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு கொடுக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போகலாம். அது நோய் அல்ல.

நியூயார்க் காட்டிய வழி

1902-ம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டாக்டர்கள் பள்ளிக்கூடங்களைச் சோதித்தார்கள். சொறி, கண் நோய் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் மருந்து போட வழியில்லை. பிள்ளைகள் படிப்பை இழந்தார்கள்.

அப்போது லினா ரோஜர்ஸ் என்ற நர்சு அனுப்பப்பட்டார். நான்கு பள்ளிகள், சுமார் 10 ஆயிரம் மாணவர்கள், ஒரே நர்சு! அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார். வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓராண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது.

நோயைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். குணமாகும் வரை தொடர்ந்து பார்ப்பது மீதி வேலை.

நம் ஊரிலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. "பையனுக்குக் கண் பார்வை குறைவு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அதனால் ஒரு நாள் கூலி போய்விடும். வாடகை வீடு மாறினால் பள்ளியும் மாறும். சீட்டு பெட்டியிலேயே கிடக்கும். பையன் கரும்பலகை தெரியாமல் "மக்கு" என்று பெயர் எடுப்பான்!

பத்தாயிரம் பேரைச் சுமக்கும் நர்சு, ஒவ்வொரு சீட்டையும் தேடிப் போக முடியுமா?

செய்ய வேண்டியது

பல பள்ளிகளுக்குச் சேர்த்தாவது தனியாக ஒரு நர்சை நியமிக்கலாம். பதிவேட்டு வேலையைக் குறைக்கலாம். இது அரசின் கடமை.

பெற்றோருக்கும் கடமை உண்டு. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் செல்போனைக் கேட்காதீர்கள், நர்சைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தால் அந்த வாரமே போய்விடுங்கள்.

ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். பிள்ளையின் கண் போனால்?