வெள்ளோட்டம் நமக்கும் உரியதே!

கணிப்பொறி மொழிக்கும் இலக்கணம் உண்டு. அவ்விலக்கண நெறிகளை எழுதிக் கொடுத்தால், வரும் தொடரைப் பகுத்துணரும் நிரலைத் தானே ஆக்கித் தருவது பகுப்பி ஆக்கி. 1985இல் இராபர்ட்டு கார்பெட்டு எழுதிய 'பைசன்' அத்தகையது. முன்னிருந்த 'யாக்' என்னும் கருவிக்கு இயையுமாறு அதனைத் திருத்தியவர் இரிச்சர்டு இசுட்டால்மன். அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தது.

புதிய பதிப்பு முழுமையுறுமுன் வெள்ளோட்டப் பதிப்பொன்று வெளிவரும். 'முடியாத பொருளைத் தெருவில் வைப்பதா?' என்பார் உளர். அஃது அறியாமை. பகுப்பி பிழைபட்டால், அதன்மேல் எழுந்த நிரல்கள் அனைத்தும் பிழைபடும். ஆக்குவோர் சிலர், இலக்கணங்களோ எண்ணில. தத்தம் இலக்கணத்தை இட்டுப் பார்த்தோர் உரைத்தாலன்றிக் குறை புலப்படாது.

இன்னொன்றும் உண்டு. கருவியின் அறிவிப்புகளைத் தத்தம் மொழியிற் பெயர்ப்போர்க்கு உழைக்கும் காலமும் அதுவே. 2020இல் வந்த 3.6ஆம் பதிப்போ, பைசன் ஆக்கும் பகுப்பிகள் தொடர்ப்பிழை சுட்டுங்கால் சொற்குறிகளின் பெயரையும் பயன்கொள்வோர் மொழியிலேயே கூற வழிசெய்தது. தன் பிழையைக்கூட அயன்மொழியிற் கேட்டறியும் இழிவுக்கு அது மருந்தன்றோ?

விலையின்றிக் கிடைப்பது உழைப்பின்றி வந்ததன்று. பெறுதல் உரிமையெனின் குறைகண்டு கூறுதல் கடமை. முடிந்தபின் முணுமுணுப்பதால் பயனில்லை. நிரல் கற்ற இளைஞரே! அடுத்த வெள்ளோட்டத்தில் உம் இலக்கணத்தை இட்டுப் பாரும். கண்ட குறையை எழுதும். உம் மொழியையும் அதில் ஏற்றும்!