நீளம் சமம், நேரம் சமமல்ல

அதிவேக டிஜிட்டல் போர்டு வடிவமைப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது: டிரேஸ்களின் நீளத்தைச் சமமாக்கிவிட்டால் சிக்னல்கள் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மெமரி சிப்பைச் சுற்றி டிரேஸ்களை வளைத்து வளைத்து 0.1 மில்லிமீட்டர் வரை சரிசெய்கிறார்கள். டைமிங் வேலை முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை. அவர்கள் அளந்தது தூரத்தை. சிப்புக்கு வேண்டியதோ நேரம்.

வெற்றிடத்தில் ஒளி ஒரு மில்லிமீட்டரைக் கடக்க 3.3 பிக்கோ செகண்ட் ஆகும். வழக்கமான எஃப்ஆர்4 போர்டின் உள் லேயரில், எபாக்ஸியும் கண்ணாடி இழையும் சூழ்ந்திருப்பதால், சிக்னலுக்கு ஏறத்தாழ 6.8 ஆகிறது. வெளி லேயரில் ஒரு பக்கம் காற்று, அங்கே 5.9 போதும். மணலில் ஓடுபவனும் தார்ச்சாலையில் ஓடுபவனும் ஒன்றாக வந்து சேர்வார்களா? 50 மில்லிமீட்டருக்கு வித்தியாசம் 45 பிக்கோ செகண்ட். டிடிஆர்4-3200 மெமரியில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 312.5 பிக்கோ செகண்ட்தான். அதில் ஏழில் ஒரு பங்கு, நீளம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியிலேயே கரைந்துபோகிறது.

எல்லாவற்றையும் ஒரே லேயரில் போட்டால் தப்பிக்கலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான். சிப்பின் பேக்கேஜுக்குள்ளும் தடங்கள் உண்டு. ஒவ்வொரு பின்னுக்கும் அவற்றின் தாமதம் மாறும். நெருக்கமாக மடித்த வளைவுகளில் சிக்னலின் ஒரு பகுதி பக்கத்து மடிப்புக்குத் தாவிவிடுவதால், நீளக் கணக்கு சொல்வதற்கு முன்பே வந்து சேர்கிறது.

இவற்றைவிடப் பெரிய பிழை, சிக்னல் போய்ச் சேர ஆகும் நேரமான ஃப்ளைட் டைமை டிரேஸின் குணமாக மட்டும் பார்ப்பது. டேட்டாஷீட்டில் குறித்த சோதனைச் சுமையை இயக்கும் டிரைவர், குறித்த வோல்டேஜைத் தொடும் கணத்தில் அது தொடங்குகிறது. நிஜப் போர்டில் ரிசீவர் தன் வரம்பைத் தாண்டும் கணத்தில் முடிகிறது. டேட்டாஷீட் தரும் வெளியீட்டுத் தாமதத்தை அதே சுமையில்தான் அளந்திருக்கிறார்கள்; அதனால்தான் இரண்டையும் கூட்ட முடிகிறது. ரிசீவரின் கெப்பாசிட்டன்ஸ், எதிரொலி, எட்ஜின் சரிவு எல்லாமே இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். நீளக் கணக்கில் இவை எதுவும் வராது.

ஆஸிலோஸ்கோப்பின் ஒரு புரோபை டிரைவர் பின்னிலும் மற்றொன்றை ரிசீவரிலும் வைத்து இடைவெளியைப் படிப்பவர்களும் ஏமாறுகிறார்கள். டிரைவர் பக்கம் சீரீஸ் ரெசிஸ்டர் போட்ட லைனில், ரெசிஸ்டரைத் தாண்டிய இடத்தில் தொட்டால், எதிரொலி திரும்பும்வரை வோல்டேஜ் பாதியிலேயே நிற்கும். வரம்பு வோல்டேஜும் அங்கேதான் இருக்கிறது. எந்தக் கணத்தைத் தொடக்கமாகக் கொள்வது?

டிடிஆர்3 வந்தபோதே, ஒவ்வொரு சிப்புக்கும் கிளாக் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும்படி வரிசையாக இணைத்து, அந்த வித்தியாசத்தைப் பிக்கோ செகண்டில் கண்டறிந்து ஈடுகட்டும் வேலையைக் கன்ட்ரோலரிடம் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் ரிவ்யூ கூட்டங்களில் மில்லிமீட்டர் அட்டவணைக்குக் கையெழுத்து விழுகிறது. லேயர், வயா, பேக்கேஜ் தாமதங்களைச் சேர்த்த பிக்கோ செகண்ட் அட்டவணையும், ரிசீவர் முனையின் சிமுலேஷன் அலைவடிவமும் மேசைக்கு வராமல் எந்த லேஅவுட்டையும் ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்பக் கூடாது.