எழுகோணத்துக்கு இலத்தீன் எதற்கு?

சங்கரன்கோவிலில் அண்மையில் நடந்த இலக்கியச் சந்திப்பொன்றில், தமிழில் பெயரடைகளுக்குப் பஞ்சம் என்று நண்பர் ஒருவர் வருந்தினார். சான்றாக அவர் அடுக்கியவை குயின்குவாங்குலர், செப்டாங்குலர், மல்டாங்குலர் முதலிய அரிய ஆங்கிலச் சொற்கள். மூலைகளுள்ள வடிவங்களை இத்துணை நுட்பமாகச் சொல்லத் தமிழால் ஆகுமா என்றார். அவையில் பலர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புத்தான் என்னை எழுதத் தூண்டியது.

அந்த நுட்பத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். இலத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. 'ஆங்குலுஸ்' என்றால் மூலை. ஆக, செப்டாங்குலர் என்பது 'எழுகோண', மல்டாங்குலர் 'பலகோண'. அவ்வளவே. ஐங்கோண வடிவுக்கு ஆங்கிலேயரே குயின்குவாங்குலரை ஏறக்குறையக் கைவிட்டு, கிரேக்க வழிவந்த பென்டகனலைத்தான் புழங்குகிறார்கள். அவர்கள் பரணில் போட்டதை நாம் எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுப்பெயர்கள் 'எழு' என்றும் 'எண்' என்றும் திரிவதை நன்னூல் படித்தவர் அறிவர். ஈற்று மகரம் கெட்டால் பெயர் அடையாகிவிடும்: எண்கோணம், எண்கோண மண்டபம். அங்கே ஒரு விகுதி சேர்ந்து செய்வதை இங்கே ஒரு மெய் கெட்டுச் செய்கிறது. சிற்பிகளின் வழக்கு இன்னும் நுட்பமானது. மூலையை எண்ணினால் எண்கோணம். தூணின் முகத்தை எண்ணினால் எட்டுப்பட்டை, பதினாறுபட்டை. ஆங்கிலத்தின் ஆக்டகனல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

கோணம் வடசொல்லாயிற்றே என்பார் சிலர். கோணுதல், கோணல் என்று நம் பேச்செங்கும் அந்த வேர் ஓடிக்கிடக்கிறது. யார் யாரிடம் கடன்பட்டார் என்ற வழக்கு அறிஞர்களிடமே இருக்கட்டும்.

செங்கோணத்தைப் பாருங்கள். செங்கோலில் உள்ள அதே செம்மைதான் இதிலும். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் கோட்டத்தையும் செப்பத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அறத்துக்கும் வடிவியலுக்கும் ஒரே சொற்குடும்பம்! இலத்தீன் 'ரெக்டுஸ்' என்பதும் நேர் என்ற பொருளதே. ஆனால் ரெக்டாங்கிள் என்று மனனம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு அது தெரிய வழியில்லை.

பள்ளியில் செங்கோணம், விரிகோணம், குறுங்கோணம் என்று பயின்று வரும் மாணவர்கள், கல்லூரியில் அச்சொற்களை வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் தலையசைக்கும் நாம்தாம். செங்கோன்மைக்கு உரை சொல்லும்போது கரும்பலகையில் ஒரு செங்கோணத்தை வரைந்து காட்டிய தமிழாசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்?