செய்ந்நன்றி அறிதலும் ஓட்டக்களமும்

"கல்லூரி உனக்கு எவ்வளவோ செய்துவிட்டது, நீ கல்லூரிக்கு என்ன செய்யப் போகின்றாய்?" பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் இவ்வினாவை யாமும் கேட்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று, அஞ்சலோட்டத்துக்கு ஆயத்தமாக நின்ற மாணவன் ஒருவனின் தோளிற் கைவைத்துக் கேட்டோம். அவன் கோலைத் தவறவிட்டான். இல்லம் தோற்றது. அதன்பின் ஒரு கிழமையாக எம்மைக் கண்டால் மற்றைய விறாந்தையாற் போனான். தமிழ்ப் பாடவேளையிற் கடைசி வாங்கில் தலைகவிழ்ந்து இருந்தான். தோற்றவனுடைய வெட்கமாக அது எமக்குத் தோன்றவில்லை. கடனைத் தீர்க்க இயலாதவனுடைய வெட்கமாகவே தோன்றிற்று. அக்கடனை அவன் கணக்கில் எழுதியவர் யாமே.

விளையாட்டில் ஊக்கம் பிறப்பதற்கு நன்றியுணர்ச்சி வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் எத்தகைய நன்றி என்பதே கேள்வி. திருவள்ளுவர் தமது 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயரிட்டார். பழந்தமிழில் நன்றி என்பது வாயாற் சொல்லும் சொல்லன்று. ஒருவர் செய்த நன்மையே நன்றி. அதனை அறிக என்பதே தலைப்பின் பொருள். இன்று நாம் அறிதலை விட்டுவிட்டு, செலுத்துதலையே பிள்ளைகளிடம் கேட்கின்றோம். வகுப்பிலே பொருளை விளக்கிவிட்டு மைதானத்திலே மறந்த தமிழாசிரியரை என்னென்பது!

அறிதல் எத்தகையது என்பதற்கு ஓர் ஓட்டம் சான்று. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீற்றர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து, பதக்கமின்றித் திரும்பினார் ரொஜர் பனிஸ்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவ மாணவர். 1954 மே 6ஆம் திகதி, காற்று வீசிய ஒரு மாலையில், ஒக்ஸ்போட்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைலை ஓடியவர் அதற்கு முன் எவருமிலர். அதுவரையும் எல்லாரும் அறிவர். முதலிரு சுற்றுக்களிலும் அவருக்கு முன்னே ஓடி வேகத்தைக் காத்துக் கொடுத்தவர் கிறிஸ் பிறஷர். அவர் தளர்ந்தபின் முன்னே வந்து இறுதிச் சுற்றிலும் இழுத்துச் சென்றவர் கிறிஸ் சட்டவே. கடைசி இருநூற்றுச் சொச்சம் யார் தூரத்திலேதான் பனிஸ்டர் தனியே முன்னே பாய்ந்தார். அம்மூவரும் ஒன்றாகப் பயின்ற நண்பர்கள். வேகங்காப்பவர் துணையோடு பெற்றது சாதனையாகுமா என்று அக்காலத்தில் முணுமுணுத்தவரும் உண்டு. எமக்கோ அத்துணையே அவ்வோட்டத்தின் சிறப்பாகப் படுகின்றது. கண்முன்னே ஒரு நண்பன் தனக்காக மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு ஓடுபவனுக்கு, அந்நன்மையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. (பிறஷரும் வெறுங்கையராய் நின்றுவிடவில்லை, 1956இல் மெல்பேணில் 3000 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் தங்கம் பெற்றார்.)

எம் மண்ணிலும் நினைக்கத்தக்கவர் உளர். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். 2024இல் அவர் மறைந்தபோது ஊரெங்கும் அவ்வெற்றி மீண்டும் பேசப்பட்டது. உயரம் பாய்தல் தனியொருவனின் கலை போலத் தோன்றும். ஆயினும் பயிற்சிக் காலத்திற் கோல் எத்தனை முறை விழும்! ஒவ்வொரு முறையும் அதனை எடுத்து வைக்க ஒருவன் நிற்கவேண்டும். இன்றுள்ள மெத்தைகள் வருமுன், பாய்பவன் விழும் குழியைக் கிண்டிப் பதப்படுத்தவும் ஒருவன் வேண்டும். எக்கல்லூரிப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இராது.

நன்றியை வற்புறுத்தாவிடிற் பிள்ளைகள் மறந்துவிடுவர் என்று பழைய மாணவ அன்பர் சிலர் எம்மோடு வாதிடுவர். வற்புறுத்தினால் நினைவில் நிற்பது நன்மையன்று, பாரமே என்பது எம் அனுபவம். பாரம் சுமந்தவன் கால் ஓடாது. கையும் கோலைப் பற்றாது. அதனினும், வென்றவனை அடுத்த நாட் காலை மணற்குழி கிண்ட விடலாம்; வேகமாக ஓடுபவனை ஒரு நாள் மெல்ல ஓடுபவனுக்கு வேகங்காக்க விடலாம். விழாவுக்கு வருகின்ற பழைய மாணவரும் கிண்ணங்களைத் தருவதோடு நில்லாது, தாம் மாணவராயிருந்த காலத்துக் கோல் தூக்கியவர் யாரென்று இளையோருக்குச் சொல்லலாம். கிண்ணம் தருவது எளிது; பெயரை நினைவுகூர்வது சற்றுக் கடினம்.

அம்மாணவனை ஒரு நாள் மைதானத்து வேம்பின் கீழ் நிறுத்தி, "தம்பி, அன்று யாம் கேட்டது பிழை" என்றோம். அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு 400 மீற்றருக்குப் பெயர் கொடுத்தான். நான்காவதாக வந்தான். வந்தவன் நேரே எம்மிடம் வந்து, "சேர், கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றான்.