ஒரே குதிரைவாலிதான்... அருப்புக்கோட்டை கரிசலில் மட்டும் என்ன ஸ்பெஷல்?

உத்தராகண்ட் மலைக்கிராமங்களில் விளையும் 'ஜங்கோரா'வுக்கு 2023 டிசம்பரில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் புதுசா இருந்தாலும் தானியம் நமக்குத் தெரிஞ்சதுதான். அது நம்ம ஊர் குதிரைவாலி. அங்கே குளிர் மலையில் விளையும் அதே பயிர், இங்கே விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமியில் விளைகிறது. அப்போ இடம் மாறினால் தானியத்தின் தரமும் மாறுமா?

மழை எப்போ வருது?

இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறும் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீரைப் பார்க்கும்.

அதனால்தான் புரட்டாசியில் விதைத்து, தை மாதத்தில் அறுக்கிறார்கள். குதிரைவாலிக்கு சுமார் 100 நாள் போதும். மழையில் வளர்ந்து, மழை ஓய்ந்த பிறகு வெயிலில் முற்றுகிறது கதிர். காய்ந்த பருவத்தில் அறுவடை செய்வதால் தானியம் நிறம் மங்காமல், பூஞ்சை பிடிக்காமல் வீடு வந்து சேரும்.

கரிசல் என்ன செய்கிறது?

கரிசல் மண்ணில் களி அதிகம். மழை பெய்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். குடித்த தண்ணீரை சீக்கிரத்தில் விடாது. மார்கழியில் மழை நின்ற பிறகும் அடிமண் ஈரத்தில் பயிர் தாக்குப்பிடிக்கும். கதிரில் மணி பிடிப்பது சரியாக அந்த நாட்களில்தான். ஆழமில்லாத சரளை மண்ணில் இந்த ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். அப்போ மணி நிறையாது, சாவிதான் மிஞ்சும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் காட்டில் தண்ணீர் தேங்கும். குதிரைவாலி ஓரளவு தண்ணீர் தேக்கத்தையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும். இந்த மண்ணுக்கு ஏற்ற பயிர் என்பது இதனால்தான்.

எல்லாம் மண்ணின் மகிமையா?

இல்லை. காரத்தன்மை அதிகமான கரிசலில் இரும்பு, துத்தநாகச் சத்துகளைப் பயிர் எடுத்துக்கொள்வதே சிரமம். அதனால் 'கரிசலில் விளைந்தாலே இரும்புச்சத்து அதிகம்' என்று சொல்லிவிட முடியாது. அங்கே பெரிய பங்கு விதைக்குத்தான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'மதுரை 1' குதிரைவாலி ரகம், அருப்புக்கோட்டை நாட்டு ரகத்திலிருந்து தேர்வு செய்யப்பட்டதுதான். வறண்ட வருஷத்திலும் மணி பிடித்த கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது மானாவாரி விவசாயிகளின் வழக்கம். அதாவது நிலம் பயிரைச் சோதித்தது, விவசாயி விதையைத் தேர்ந்தெடுத்தார். பல தலைமுறையாக நடந்த இந்த வேலையின் பலன்தான் நாட்டு ரகம்.

இப்போ என்ன சிக்கல்?

முதல் சிக்கல் விலை. சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. குதிரைவாலிக்கு இல்லை. கோழித்தீவனத்துக்கு உடனே விலைபோகும் மக்காச்சோளம் பல மானாவாரி காடுகளைப் பிடித்துவிட்டது. ஒரு குடும்பம் நாட்டு விதையை எடுத்து வைப்பதை நிறுத்தினால், மறுபடி அதைத் தேடிப்பிடிப்பது லேசில்லை.

இரண்டாவது மழை. 2021 ஜனவரியில் பெய்த பருவம் தவறிய மழை, தென் மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிர்களை நாசமாக்கியது. காய்ந்த தை மாதம்தான் இந்தத் தானியத்தின் பலம். அது ஆட்டம் கண்டால் தரமும் ஆட்டம் காணும்.

மூன்றாவது உமி. குதிரைவாலியின் உமி கெட்டியானது, வீட்டில் குத்தி எடுப்பது பெரிய வேலை. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும்.

புவிசார் குறியீடு தீர்வாகுமா?

சுற்றுவட்டாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-லும், ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-லும் குறியீடு பெற்றன. ஒரு பொருளின் தரமோ பெயரோ அது விளையும் இடத்தால் வந்தது என்று காட்டுவதுதான் இதற்கு அடிப்படை. அருப்புக்கோட்டை குதிரைவாலிக்கு மண், மழை, விதை என மூன்றிலும் சொல்ல விஷயம் இருக்கு.

ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், விலையைத் தராது. கடையில் விற்கும் பாக்கெட்டில் 'குதிரைவாலி அரிசி' என்று மட்டும் இருந்தால், எந்த ஊர் தானியம் என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ஊர்ப்பெயரோடு விற்பனை, பக்கத்திலேயே உமி நீக்கும் வசதி, நிச்சயமான கொள்முதல் விலை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அடுத்த புரட்டாசியிலும் அந்தக் கரிசலில் குதிரைவாலி விதை விழும்.