புல்லட் ரயிலும் சுரங்கமும்: மூக்கைப் பற்றிப் பேசுகிறோம், சுத்தியலைப் பற்றி எப்போது பேசுவோம்?

புல்லட் ரயில் பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் மீன்கொத்திக் கதை வந்துவிடும். சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும் ரயில் முன்னால் இருக்கும் காற்றை அமுக்குகிறது. அந்த அழுத்த அலை மறுமுனையில் ‘டமார்’ என்று வெளியேறுகிறது. பறவை ஆர்வலரான பொறியாளர் எய்ஜி நகாட்சு மீன்கொத்தியின் அலகைக் கவனித்தார். ஜப்பானின் 500 சீரிஸ் ரயிலுக்கு 15 மீட்டர் நீள மூக்கு வந்தது. நல்ல கதைதான், உண்மையும்கூட. ஆனால் அதே சான்யோ ஷின்கான்சென் பாதையில் நடந்த இன்னொரு கதையை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

1999 ஜூன் 27, ஃபுகுவோகா சுரங்கம். மணிக்குச் சுமார் 220 கி.மீ. வேகத்தில் போன ஹிகாரி ரயில் மீது சுரங்கத்தின் உள்சுவரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோ கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. ரயிலின் கூரை கிழிந்தது, மின்சாரம் தடைபட்டது. யாருக்கும் காயம் இல்லை. அதனால்தானோ என்னவோ, உலகம் சீக்கிரம் மறந்துவிட்டது.

இந்த மாதிரி விபத்தைக் கேட்டதும் பலருக்கும் வரும் சந்தேகம்: அவ்வளவு வேகத்தில் போகும் ரயில் கிளப்பும் காற்றே அந்தக் கல்லைத் தள்ளிவிடாதா?

தள்ளாது. தூசி, பெயின்ட் செதில், சின்னச் சின்னச் சில்லு என்றால் காற்று அள்ளிக்கொண்டு போகும். 200 கிலோ கட்டிக்கு அந்தக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டி ரயில் கூரைக்கு 2 மீட்டர் மேலேயிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வர 0.64 விநாடி ஆகும். அதற்குள் ரயில் ஏறக்குறைய 40 மீட்டர் ஓடிவிடும். அதாவது, ரயிலின் பார்வையில் கல் கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்கிறது. ரயில்தான் போய் அதன் மேல் மோதுகிறது. விழுந்த வேகத்தில் வரும் ஆற்றல் 4 கிலோஜூல்கூட இல்லை. ரயிலின் வேகத்தைச் சேர்த்தால் 370 கிலோஜூலுக்கு மேல். ஒரு டன் எடையுள்ள கார் கிட்டத்தட்ட 100 கி.மீ. வேகத்தில் வந்து இடிப்பதற்குச் சமம். கூரையை உரசிப் போகும்போது இது முழுவதும் ரயிலுக்குள் இறங்காது என்பது நம் அதிர்ஷ்டம்.

சரி, அப்போ காற்றுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கு. ஆனால் அந்த வேலை கல் விழுவதற்கு ரொம்ப முன்னாடியே நடக்கிறது.

ரயில் உள்ளே நுழையும்போது சுவர் மீது அழுத்தம் ஏறும். ரயில் கடக்கும்போது சட்டென்று இறங்கும். இந்த அலைகள் சுரங்கத்தின் இரண்டு முனைகளுக்கும் இடையே மோதித் திரும்புவதால், ஒரே ரயிலுக்கே சுவர் பலமுறை அமுக்கி இழுக்கப்படுகிறது. 1 கிலோபாஸ்கல் அழுத்தம் குறைந்தாலே ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவு இழுவிசை. நல்ல கான்கிரீட்டுக்கு இதெல்லாம் கொசுக்கடி. ஆனால் ஏற்கெனவே விரிசல் விட்ட, 4 சென்டிமீட்டர் தடிமனில் பிரிந்து நிற்கும் ஒரு அடுக்குக்கு அது அதன் சொந்த எடைக்கே சமம். பின்னால் விரிசலில் மாட்டிய காற்று தள்ள, முன்னால் ரயில் இழுக்க, அந்த அடுக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

ஃபுகுவோகாவில் அந்தப் பலவீனம் கட்டும்போதே வந்தது. முதலில் ஊற்றிய கான்கிரீட் இறுகத் தொடங்கிய பிறகு அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒட்டாது. நம்மூர் சைட் இன்ஜினீயர்களும் அதை ‘கோல்ட் ஜாயின்ட்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாதை திறந்தது 1975இல். கட்டி விழுந்தது 24 வருஷம் கழித்து.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோல்ட் ஜாயின்ட் இருக்கும் இடங்களையெல்லாம் ரயில்வே நிறுவனம் தேடிச் சோதித்தது, பாதை பாதுகாப்பானது என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கிடாகியூஷூ சுரங்கத்தில் 226 கிலோ விழுந்தது. இந்த முறை கோல்ட் ஜாயின்ட் இல்லை. பக்கச் சுவரில் கான்கிரீட் ஊற்றிய வாயில் துருத்திக்கொண்டிருந்த பகுதி. முதல் ரயிலுக்கு முன்பே கண்ணில் பட்டதால் தப்பித்தார்கள். போன தடவை எது உடைந்ததோ அதையே தேடினால் இப்படித்தான் ஆகும். அதன் பிறகுதான் அந்தப் பாதையின் சுரங்கங்கள் முழுவதையும் ஆட்கள் சுத்தியலால் தட்டி, சத்தம் கேட்டுச் சோதித்தார்கள். நீளத்தில் ஏறக்குறைய பாதி சுரங்கமாக இருக்கும் பாதை அது!

அதே ஷின்கான்சென் தொழில்நுட்பத்தில்தான் மும்பை–அகமதாபாத் பாதை வருகிறது. மும்பைப் பக்கம் 21 கி.மீ. சுரங்கம், அதில் 7 கி.மீ. தானே கழிமுகத்துக்குக் கீழே. திட்டமிட்ட வேகம் 320 கி.மீ. சுவர் மீதான அழுத்த மாற்றம் வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால், 220இல் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். போக, வர இரண்டு தண்டவாளமும் ஒரே குழாயில். எதிரெதிரே ரயில்கள் கடந்தால் அலைகளும் ஒன்றோடொன்று சேரும். இதில் 16 கி.மீ. தொலைவுக்கு இயந்திரம் குடைந்து, முன்பே வார்த்த கான்கிரீட் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். அங்கே கோல்ட் ஜாயின்ட் பயம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி 5 கி.மீ.?

ஷின்கான்சென் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை பயணிகளுக்கு ஓடாது. அந்த ஆறு மணி நேரம் பராமரிப்புக்கானது. நம் ஊரிலோ ஒரு பாதை திறந்ததும் ‘இன்னும் ஒரு ரயில் விடுங்க’ என்ற குரல்தான் முதலில் வரும். எனவே அந்த இரவு நேரத்தைச் சட்டமாகவே எழுதி வைக்க வேண்டும். எந்தச் சுரங்கம் எந்தத் தேதியில் முழுதாகத் தட்டிப் பார்க்கப்பட்டது, என்ன கிடைத்தது என்பதை டிக்கெட் புக் பண்ணும் அதே ஆப்பில் போட வேண்டும். கால அட்டவணை வெளியாகும் அன்று, ரயில் எத்தனை மணி நேரத்தில் போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கப்போவது கடைசி ரயிலின் நேரத்தை.